மாமாவின் இருபது நைரா

1981 நோன்புப் பெருநாளைக்கு மாமா நைஜீரியாவிலிருந்து லீவில் வந்திருந்தார். கிழக்கிலங்கையின் சாய்ந்தமருதுவில் எங்கள் உம்மாவின் வீட்டு விறாந்தையில் பாயை விரித்து, கொண்டுவந்த பெட்டியைத் திறந்தார். எல்லோருக்கும் ஏதோ ஒன்று கிடைத்தது. மூத்தம்மாவின் கையில் மட்டும் ஒரு இருபது நைராத் தாளை வைத்தார். செலவழிக்க அல்ல, பார்த்துக்கொள்ள.

மூத்தம்மா பள்ளிக்கூடம் போனவரல்ல. தமிழ் எழுத்துக்களை எழுத்துக்கூட்டி வாசிப்பார். ஆனால் குர்ஆன் ஓதுவார். அறபுத் தமிழில் எழுதிய மாலைகளை இராகத்தோடு படிப்பார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தவர் ஓரிடத்தில் விரலை வைத்தார். அங்கே அறபு எழுத்தில் இரண்டு சொற்கள். எழுத்தெழுத்தாகக் கூட்டி வாசித்தார்: "நைரா... அஷிரின்." பிறகு நிமிர்ந்து, "எழுத்து ஓதுற எழுத்துத்தான் மகன். இது என்ன பேச்சு?" என்று கேட்டார்.

"ஹவுசாப் பேச்சு உம்மா. அஷிரின் எண்டா இருவது. நம்மட மாலைய அறபு எழுத்தில தமிழா எழுதினாப்போல, அவங்க அவங்கட பேச்ச எழுதியிருக்காங்க."

மூத்தம்மா அந்தத் தாளைத் தன் குர்ஆனுக்குள் வைத்துக்கொண்டார். அந்த ஆண்டுதான் நான் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் சமூகவியல் படிக்கப் போனேன். மூன்று வருடங்கள் அங்கே ஆபிரிக்காவைப் பற்றி எத்தனையோ பக்கங்கள் வாசித்தேன். ஆபிரிக்கர் தம் மொழியைத் தாமே எழுதிவைத்திருக்கிறார்கள் என்பதை அந்தப் பக்கங்களிலிருந்து நான் அறியவில்லை. எங்கள் விறாந்தையில், மூத்தம்மாவின் விரல் நுனியில் அறிந்துகொண்டேன்.

எங்கள் கரைக்கு ஆபிரிக்கா புதிதல்ல. ஆனால் அதை ஆபிரிக்கா என்று நாங்கள் சொன்னதில்லை. 1882இல் எகிப்தில் பிரித்தானியருக்கு எதிராக எழுந்து தோற்ற அறபி பாஷா, 1883 தொடக்கத்தில் இலங்கைக்கு நாடுகடத்தப்பட்டார். 1901 வரை கொழும்பிலும் கண்டியிலும் வாழ்ந்தார். இலங்கை முஸ்லிம்களின் நவீன கல்விக்கு அவர் தந்த உந்துதலைப் பேசாமல் 1892இல் ஆரம்பமான மருதானைப் பாடசாலையின், பிற்காலத்து சாஹிராக் கல்லூரியின் கதையைச் சொல்ல முடியாது. அவருக்குத் தோள்கொடுத்த சித்திலெப்பை 1885இல் எழுதிய 'அசன்பேயுடைய கதை' இலங்கையில் எழுந்த முதல் தமிழ் நாவலாகக் கொள்ளப்படுகிறது. அதன் கதை எகிப்தோடு பின்னியது. இலங்கைத் தமிழ் நாவல் தன் முதலடியை ஆபிரிக்க மண்ணைப் பார்த்து வைத்திருக்கிறது என்றால் இன்றும் ஊரில் பலர் வியப்பார்கள்.

கல்முனைக்கும் அந்த இழையின் ஒரு முனை வந்து சேர்ந்தது. 1942இல், போர்க்கால உணவுத் தட்டுப்பாட்டின் நடுவே, ஏ.எம்.ஏ. அஸீஸ் அவசரகாலக் கச்சேரியை நடத்தக் கல்முனைக்கு அனுப்பப்பட்டார். இலங்கை சிவில் சேவையில் சேர்ந்த முதல் முஸ்லிம் அவர். நெல் விளைவிக்க வந்தவர், காரைதீவின் விபுலாநந்த அடிகளோடு பழகினார். எங்கள் பிள்ளைகள் படிக்க வழியில்லாதிருப்பதைக் கண்டார். கல்முனையில் ஒரு முஸ்லிம் கல்விச் சங்கத்தை அமைத்தார். பிற்காலத்தில் எகிப்தைப் பற்றி 'மிஸ்ரின் வசியம்' என்ற நூலையும் எழுதினார். அவருக்குப் பின்னும் எங்கள் ஊர்களின் மத்ரசா மாணவர்கள் கெய்ரோவின் அல்-அஸ்ஹருக்கும் சூடானின் கார்த்தூமுக்கும் படிக்கப் போனார்கள். திரும்பி வந்தபோது அவர்களை ஊர் எப்படி அழைத்தது? "அரபு நாட்டில் ஓதியவர்." கெய்ரோ ஆபிரிக்காவில் இருக்கிறது என்பது படத்தில் தெரியும், வாயில் வராது.

பள்ளிக்கூடத்தில் நாங்கள் படித்த ஆபிரிக்கா வேறு. அங்கே லிவிங்ஸ்டன் நடந்தார், ஸ்டான்லி தேடிப் போனார், ஆறுகளும் அருவிகளும் "கண்டுபிடிக்கப்பட்டன". அருவியின் கரையில் குடியிருந்தவர்களுக்குப் பெயர் இல்லை. சகாராவுக்கு வடக்கே மார்க்கமும் கிதாபும். தெற்கே காடும் மிருகமும். இந்தக் கோட்டை நாங்கள் வரையவில்லை. ஆனாலும் வரைந்தவர்களின் பென்சிலை நாங்களும் பிடித்திருந்தோம்.

மாமா அந்தக் கோட்டுக்குத் தெற்கே போனவர்.

ஏன் நைஜீரியா? எண்ணெய்தான் காரணம். 1973க்குப் பிறகு எண்ணெய் விலை ஏறியதும் நைஜீரிய அரசிடம் பணம் குவிந்தது. 1976 செப்டெம்பரில் எல்லாப் பிள்ளைகளுக்கும் இலவச ஆரம்பக் கல்வித் திட்டத்தைத் தொடங்கினார்கள். பிள்ளைகள் வகுப்பறைகளை நிறைத்தார்கள், ஆசிரியர்கள் இல்லை. ஆரம்பப் பாடசாலையில் சேர்ந்தவர்கள் மேலே வர வர இடைநிலைப் பாடசாலைகளிலும் அதே நெருக்கடி. கணிதமும் விஞ்ஞானமும் ஆங்கிலத்தில் கற்பிக்கத் தெரிந்தவர்களைத் தேடி இந்தியாவுக்கும் இலங்கைக்கும் கானா நாட்டுக்கும் ஆள் அனுப்பினார்கள். யாழ்ப்பாணத்திலிருந்தும் மட்டக்களப்பிலிருந்தும் எங்கள் கரையிலிருந்தும் ஆசிரியர்கள் புறப்பட்டார்கள். அப்போது ஒரு நைராவின் பெறுமதி ஒன்றரை அமெரிக்க டொலருக்கும் மேல். இலங்கையில் ஓர் ஆசிரியர் வருடக்கணக்கில் மிச்சம் பிடித்தாலும் சேராத தொகை அங்கே சில மாதங்களில் சேர்ந்தது.

மாமா கானோ மாநிலத்தின் ஓர் இடைநிலைப் பாடசாலையில் கணிதம் படிப்பித்தார். மாதம் ஒரு விமானத் தபால் வரும். நீல நிறக் காகிதம், மூன்றாக மடித்தது. "அன்பின் மருமகளுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும்" என்று தொடங்கி, பேனா மை மறுபக்கத்தில் தெரியுமளவுக்கு நெருக்கி எழுதியிருப்பார். அந்தக் கடிதங்களில் இருந்த கானோவை நான் பிறகு எந்தப் பாடப்புத்தகத்திலும் பார்க்கவில்லை. நகரத்தின் பழைய மண்மதில். நிலக்கடலைச் சந்தை. அல்லாஹ்வின் பெயரைச் சொல்லிக்கொண்டு வீடுவீடாகச் சோறு கேட்டுவரும் மத்ரசாச் சிறுவர்கள். அவர்கள் கையில் மரப்பலகை, அதற்கு 'அல்லோ' என்று பெயர். அதில் மையால் ஆயத்தை எழுதி மனனம் செய்து, கழுவிவிட்டு அடுத்ததை எழுதுவார்கள். "நம்மட வாப்பாவும் பலகையிலதான் ஓதினாராம். அவர் மௌத்தான பிறகு அந்தப் பலகைய நான் இங்கதான் கண்டேன்" என்று ஒரு வரி. ஆசிரியரை அங்கே 'மாலம்' என்பார்களாம். முஅல்லிம் என்ற அறபுச் சொல் ஹவுசா நாவில் அப்படிக் குறுகியிருக்கிறது. மாமாவைத் தெருவில் எல்லோரும் மாலம் என்றே கூப்பிட்டார்கள்.

நல்லது மட்டும் எழுதினாரில்லை. 1980 டிசம்பரில் கானோவில் மைத்தாத்ஸினே என்று அழைக்கப்பட்ட ஒரு போதகரின் ஆட்களுக்கும் பொலிசுக்கும் தொடங்கிய மோதல் இராணுவம் வந்து குண்டு போடும்வரை போனது. நாலாயிரம் பேருக்கு மேல் இறந்தார்கள். அதைப்பற்றி எழுதியபோது மாமா ஒரு விடயத்தைக் கவனித்திருந்தார்: போதகரின் பின்னால் போனவர்களில் பலர் கிராமத்தில் வயலிழந்து நகரத்துக்கு வந்து வேலை கிடைக்காத இளைஞர்கள். எண்ணெய்க் காசு வந்ததும் சாமான்களின் விலை ஏறியது, நிலத்தின் விலை ஏறியது, பலகையோடு வந்த பிள்ளைக்குச் சோறு போட வீட்டுக்காரர்களால் முடியவில்லை. சமூகவியல் படிக்காத ஒரு கணித ஆசிரியர், தன் மாணவர்களின் வீடுகளுக்குப் போய்வந்து எழுதிய விளக்கம் அது. பிற்காலத்தில் ஆய்வாளர்களின் எழுத்தை வாசித்தபோது மாமா தவறவில்லை என்று கண்டேன்.

இனி வீட்டுக் கதைக்கு வருகிறேன், ஏனென்றால் மாமா போனது வீட்டுக்காகத்தான்.

எங்கள் கரையில் குடி என்பது தாய்வழி. உம்மா எந்தக் குடியோ பிள்ளையும் அந்தக் குடி. ஒரே குடிக்குள் கலியாணம் முடிக்கக்கூடாது. பள்ளிவாசல் நிர்வாகத்தில் ஒவ்வொரு குடிக்கும் ஒரு மரைக்கார் இருந்த காலம் உண்டு. மாட்டுப்பட்டி வைத்திருந்தவர்கள் மாட்டுக்குச் சுடும் குறியிலேயே குடியை அறிந்தார்கள். வீடு பெண்ணுக்கு. மகள் கலியாணம் முடித்தால் மாப்பிள்ளை அவள் வீட்டுக்கு வருவார். உம்மாவும் வாப்பாவும் அடுக்களைப் பக்கம் ஒதுங்குவார்கள், அல்லது அதே வளவில் ஒரு சிறுவீடு கட்டிக்கொண்டு போவார்கள். ஆகவே ஓர் ஆணின் இளமைக்காலம் பெரும்பாலும் தன் சகோதரிகளின் வீட்டைக் கட்டுவதில் கழியும். ராத்தாவுக்கும் தங்கச்சிக்கும் வீடு எழும்பாமல் அவன் மாப்பிள்ளையாகப் போவது அழகில்லை. மாமாவுக்கு மூன்று சகோதரிகள். நைரா வீடாக மாறியது: முதலில் சின்னம்மாவுக்கு, பிறகு கடைசிச் சின்னம்மாவுக்கு. சீமெந்துத் தரை, ஓட்டுக்கூரை, கடற்கரைப் பக்கம் பார்த்த யன்னல்.

இதைக் கானோவில் அவரோடு படிப்பித்தவர்களுக்கு விளக்க முடியவில்லை என்று எழுதினார். ஹவுசாக்களிடம் குலம் தந்தைவழி. பெண் கணவன் வீட்டுக்குப் போகிறவள். "போகப்போகிறவளுக்கு நீ ஏன் வீடு கட்டுகிறாய்?" என்று கேட்டார்களாம். ஒருவர் மட்டும் கேட்கவில்லை. கானா நாட்டிலிருந்து வந்த பௌதிக ஆசிரியர், அசாந்தி இனத்தவர். அவர்களிடமும் குலம் தாய்வழி, அதன் பெயர் 'அபுசுவா'. தாயின் சகோதரன் 'வோஃபா'. வோஃபாவின் சொத்து மருமக்களுக்குப் போவதே பழைய முறை. "நீ அவர்களுக்கு வோஃபா, அவ்வளவுதானே" என்று சொல்லிவிட்டு அவர் தேநீரைக் குடித்தாராம். அந்தக் கடிதத்தின் ஓரத்தில் மாமா தமிழில் பெரிதாக எழுதியிருந்தார்: வோஃபா = மாமா.

1983 ஜனவரியில் நைஜீரிய அரசு, ஆவணமில்லாத வெளிநாட்டவர்கள் வெளியேறவேண்டும் என்றது. எண்ணெய் விலை சரிந்து, தேர்தலும் நெருங்கிய நேரம். பத்து இலட்சம் வரையான கானா நாட்டவர்கள் சில வாரங்களுக்குள் மூட்டைகட்டினார்கள். கட்டம்போட்ட பெரிய பிளாஸ்டிக் பைகளில் சாமான்களை அடைத்துக்கொண்டு போனதால் இன்றும் மேற்கு ஆபிரிக்காவில் அந்தப் பைக்கு "கானாக்காரனே போ" என்ற பொருளில்தான் பெயர். அரசாங்க வேலையில் இருந்தவர்களுக்கு விலக்கு இருந்தபடியால் பௌதிக ஆசிரியர் தங்கினார். லேகோசில் கட்டட வேலை செய்த அவருடைய தம்பி போகவேண்டியதாயிற்று.

அதே மாதங்களில் பேராதனை நூலகத்தில் நான் ஆபிரிக்கரைப் 'படித்துக்கொண்டிருந்தேன்'. இவான்ஸ்-பிரிச்சர்ட் 1940இல் வெளியிட்ட 'த நூவர்' நூல் கட்டாய வாசிப்பு. இன்றைய தென் சூடானில், நைல் சதுப்பில் மாடு வளர்த்து வாழும் நூவர் மக்கள். ஆங்கில அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு நாளைக்கு ஐந்து பக்கமாக நகர்ந்தேன். மழைக்கு மேட்டுநிலத்துக்கும் வறட்சிக்கு ஆற்றங்கரைக்கும் பட்டியோடு போய்வரும் அவர்களின் ஆண்டு, எங்கள் மூத்தப்பாவின் தம்பி விதைப்புக் காலத்தில் வயல்வெளியை விட்டுக் காட்டோரத்துக்கு மாடுகளைச் சாய்த்துக்கொண்டு போகும் ஆண்டுபோலவே இருந்தது. ரியூட்டோரியலில் இதைச் சொன்னேன். வகுப்பிலிருந்த தோழி ஒருத்தி, "உங்கட ஊரும் ஆபிரிக்காவா?" என்று கேட்டாள். அன்று வெட்கப்பட்டேன். அந்த வெட்கத்தை இன்று நினைத்தால் வலிக்கிறது.

பிறகு ஒட்ரி ரிச்சர்ட்ஸ். இன்றைய சாம்பியாவில் பெம்பா மக்களிடையே வேலை செய்தவர். 1950இல் வெளிவந்த, ஆபிரிக்க உறவுமுறைகளும் திருமணமும் பற்றிய தொகுப்பில் அவர் எழுதிய கட்டுரை ஒன்று உண்டு. மத்திய ஆபிரிக்காவுக்குக் குறுக்கே தாய்வழிச் சமூகங்கள் வாழும் நிலத்தை எடுத்து, அங்கே ஓர் ஆண் மனைவியின் ஊரில் குடியிருக்கிறான், பிள்ளைகளோ அவளுடைய குலத்துக்கும் அவளுடைய சகோதரர்களுக்கும் உரியவர்கள், அப்படியானால் வீட்டில் யாருடைய சொல் செல்லும் என்று கேட்கிறார். இதைத் 'தாய்வழிப் புதிர்' என்று பெயரிட்டார். வாசித்துவிட்டுப் புத்தகத்தை மூடிவைத்தேன். எங்கள் வீட்டில் அது புதிரல்ல. பெருநாளைக்கு ஆடு வாங்குவது வாப்பா, வீட்டுக்குச் சுண்ணாம்பு அடிக்கும் காசு மாமா, யாரை மாப்பிள்ளை எடுப்பது என்றால் இருவரும் மூத்தம்மாவின் முகத்தைப் பார்ப்பார்கள்.

அதற்கடுத்த கிழமைதான் அந்தச் சஞ்சிகை கையில் கிடைத்தது. பேராதனையிலிருந்தே வெளிவந்த 'மொடர்ன் சிலோன் ஸ்ரடீஸ்', 1973ஆம் ஆண்டு இதழ். டெனிஸ் மக்கில்வ்ரே என்ற அமெரிக்க மானிடவியலாளர் அக்கரைப்பற்றில் செய்த கள ஆய்வின் முதலறிக்கை. கிழக்கிலங்கையின் சாதியும் தாய்வழிக் குடியும் அதன் பொருள். அக்கரைப்பற்று! எங்கள் ஊரிலிருந்து பஸ்ஸில் ஒரு மணித்தியாலத்துக்குள். தமிழருடைய குடி, முஸ்லிம்களுடைய குடி, மரைக்கார், சீதன வீடு எல்லாம் அச்சில் இருந்தன. பல்கலைக்கழகத்தில் எங்கள் வாழ்க்கையை நான் முதன்முதலாகக் கண்ட பக்கம் அது. அதை விளங்கிக்கொள்ள எனக்கு உதவிய சொற்கள் எங்கிருந்து வந்தன? தாய்வழிக் குலம், குலத்துக்கு வெளியே மணம், மனைவியின் இடத்தில் குடியிருத்தல். பெம்பாவிடமும் அசாந்தியிடமும் நூவரிடமும் கூர்தீட்டிய கருவிகள் அவை. அசாந்திகளையும் தல்லென்சிகளையும் ஆராய்ந்த மேயர் ஃபோர்ட்டஸ் கேம்பிரிட்ஜில் பேராசிரியராக இருந்தவர். அதே கேம்பிரிட்ஜின் எட்மண்ட் லீச் நுவரகலாவியவின் புல்எலியக் கிராமத்தில் 1954இல் வேலை செய்து 1961இல் வெளியிட்ட நூலில், ஆபிரிக்காவில் கண்ட குலக் கோட்பாடு இங்கே பொருந்தாது, உறவைவிடக் காணியும் குளத்து நீருமே இங்கே பேசுகின்றன என்று வாதாடினார். ஆக, இலங்கைக் கிராமத்தை ஆராய்ந்த ஒவ்வொருவரின் தோளுக்குப் பின்னாலும் ஓர் ஆபிரிக்கக் கிராமம் நின்றது. ஒத்துப்போகவும், முரண்படவும்.

ஆகவே ஆபிரிக்காவைப் படிப்பது எங்களுக்குத் தூரத்துக் காரியம் என்று யாராவது சொன்னால் நான் ஏற்றுக்கொள்வதில்லை. எங்களைப் பற்றிப் படித்த படிப்பே ஆபிரிக்காவின் வழியாக வந்தது. வழியைத் தெரியாமல் ஊரைத் தெரியுமா?

ஆனால் அந்த நூலகத்தில் ஒன்று இல்லை. காலம் இல்லை. நூவர்கள் என்றென்றைக்கும் மாடு மேய்த்துக்கொண்டிருந்தார்கள். இவான்ஸ்-பிரிச்சர்ட் 1930இல் அங்கே போகும்போது, சில காலத்துக்கு முன்தான் பிரித்தானிய விமானங்கள் நூவர்மீது குண்டு போட்டிருந்தன. அந்தச் செய்தி நூலின் ஓரத்தில் நிற்கிறது, மாடுகள் நடுவில் நிற்கின்றன. பெம்பா ஆண்கள் செப்புச் சுரங்கத்துக்கு வேலைக்குப் போயிருந்தார்கள். ஒட்ரி ரிச்சர்ட்ஸ் அதை அக்கறையோடு எழுதியவர்தான். எங்களுக்குப் பரீட்சைக்கு வந்தது அந்தப் பகுதியல்ல. மாமாவின் கடிதத்தில் கடனும் பாடசாலையும் தேர்தலும் பெற்றோல் வரிசையும் இருந்தன. என் குறிப்புக் கொப்பியில் குலவரைபடங்கள் இருந்தன.

இதே கேள்வியை ஆபிரிக்கர்களே எப்போதோ கேட்டுவிட்டார்கள் என்பது எனக்குப் பல வருடங்கள் கழித்துத்தான் தெரியவந்தது. உகண்டாவின் கவிஞர் ஒகொட் பிபிடெக் ஒக்ஸ்ஃபோர்டில் மானிடவியல் படிக்கப் போய், தன் மக்களை ஆசிரியர் காட்டுமிராண்டிகள் என்று பேசக் கேட்டு எதிர்ப்புத் தெரிவித்தவர். 1968இல் நைரோபிப் பல்கலைக்கழகக் கல்லூரியில் கூகி வா தியாங்கோவும் இரு நண்பர்களும், ஆங்கில இலக்கியத் துறையை எடுத்துவிட்டு ஆபிரிக்க இலக்கியத்தை நடுவில் வையுங்கள் என்று எழுதிக்கொடுத்தார்கள். தென்னாபிரிக்கரான ஆர்ச்சி மஃபேஜே 1971இல் ஒரு சிறு கட்டுரை எழுதினார். ஆபிரிக்காவில் எந்தச் சண்டை நடந்தாலும் அதற்குக் 'கோத்திரம்' என்று பெயரிட்டுவிட்டு அப்பால் யோசிக்காமல் விடுவது ஒரு கருத்தியல் என்பது அவர் வாதம். நிலம் யாரிடம், வேலை யாருக்கு, ஆட்சியில் யார் என்ற கேள்விகளை அந்தச் சொல் மூடிவிடுகிறது.

அதை வாசித்தபோது 1985 சித்திரை மாதம் ஞாபகம் வந்தது. எங்கள் கரையில் தமிழரும் முஸ்லிம்களும் வெட்டிக்கொண்ட மாதம். ஒரே மொழி, ஒரே மாதிரிக் குடி, ஒரே வட்டையின் தண்ணீர். காரைதீவிலும் சாய்ந்தமருதுவிலும் வீடுகள் எரிந்தன. கானோவில் மாமா அந்தச் செய்தியை வானொலியில் கேட்டார். அங்கிருந்த ஒருவர் கேட்டாராம்: "நீங்கள் இரண்டு கோத்திரமா?" மாமாவுக்குப் பதில் வரவில்லை. இங்கே நாங்கள் அதை இனப்பிரச்சினை என்கிறோம், தீர்வுத் திட்டம் என்கிறோம், பக்கம் பக்கமாகக் காரணம் எழுதுகிறோம். அங்கே நடந்தால் ஒரே சொல்லில் முடித்துவிடுகிறோம். எங்களுக்குக் காரணம் உண்டு, அவர்களுக்குக் குணம் மட்டும்தான் என்று நினைக்க எங்களுக்கு யார் கற்றுத்தந்தது?

மாமா 1986 முடிவில் திரும்பினார். அந்த ஆண்டு நைராவின் பெறுமதி ஒரேயடியாக விழுந்தது. கடைசிச் சின்னம்மாவின் வீட்டின் பின்பக்கச் சுவர் பூசப்படாமலே நின்றது.

2004 டிசம்பர் 26 சுனாமி அந்தச் சுவரையும் முன்சுவரையும் சேர்த்து எடுத்தது. சின்னம்மாவும் பிள்ளைகளும் தப்பினார்கள், அல்ஹம்துலில்லாஹ். வீடு போனது. அன்றே அதே அலை இந்து சமுத்திரத்தைக் கடந்து சோமாலியாவின் ஹஃபூன் கரையில் ஏறி அங்கேயும் மீனவர் குடும்பங்களைக் கொண்டுபோனது. எங்கள் முகாமில் யாருக்கும் அது தெரிந்திருக்கவில்லை. நானும் பல மாதங்களுக்குப் பிறகுதான் அறிந்தேன்.

கிழக்கில் கடலிலிருந்து 200 மீற்றருக்குள் கட்டக்கூடாது என்றார்கள். கடற்கரை வளவு என்றால் எங்கள் ஊரில் அது அநேகமாக ஏதோ ஒரு பெண்ணின் வளவு. சின்னம்மாவுக்கு ஊருக்கு மேற்கே, வயற்கரையில் ஒரு புதிய வீடு கிடைத்தது. பத்திரத்தை நான்தான் வாங்கி வாசித்தேன். குடும்பத் தலைவர் என்ற இடத்தில் சாச்சாவின் பெயர். உரிமையாளர் என்ற இடத்திலும் சாச்சாவின் பெயர். அவர் நல்ல மனிதர், வெட்கப்பட்டார். "இது உன்ட காக்கா கட்டின வீட்டுக்குப் பதிலாக் கிடைச்ச வீடு. என்ட பேர ஏன் போட்டாங்க?" என்று சின்னம்மாவிடமே கேட்டார். நானும் அவரும் அந்த அலுவலகத்துக்கு மூன்றுதரம் போனோம். விண்ணப்பப் படிவத்தில் ஒரே ஒரு பெயருக்குத்தான் இடமிருக்கிறது என்றார்கள். எங்கள் கரையில் இது ஒரு வீட்டில் மட்டும் நடந்ததல்ல.

பெண்வழி உரிமை எழுத்தில் இப்படி இழக்கப்படுவது புதிதுமல்ல. மட்டக்களப்புப் பகுதியில் தாய்வழிச் சொத்துரிமையைக் காத்துவந்த முக்குவர் வழமையை கிறிஸ்தோபர் பிரிட்டோ 1876இல் நூலாக்கினார். அதே 1876ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டம் அந்த வழமையை வழக்கொழியச் செய்தது. நூலாக ஏறிய வருடமே சட்டத்திலிருந்து இறங்கியது.

அந்த அலுவலகப் படியிலிருந்து இறங்கிய நாட்களில்தான் நான் மறுபடி ஆபிரிக்காவைத் தேடி வாசிக்கத் தொடங்கினேன். இம்முறை பரீட்சைக்காக அல்ல. முஸ்லிம்களாகவும் தாய்வழியினராகவும் இருக்கும் வேறு யார் உலகில் இருக்கிறார்கள் என்று தெரிந்துகொள்ள. மலாவி வாவிக்கரையில் யாவோ மக்கள் இருந்தார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் சுவாஹிலிக் கரையோடு நடந்த வணிகத்தின் வழியாக அவர்களுடைய தலைவர்கள் இஸ்லாத்துக்கு வந்தார்கள். அந்த வணிகத்தில் யானைத் தந்தமும் இருந்தது, அடிமைகளும் இருந்தார்கள். அதை மறைத்துப் பேசக்கூடாது. சகோதரிகளும் அவர்களின் பிள்ளைகளும் சேர்ந்த கூட்டத்துக்கு 'ம்பும்பா' என்று பெயர். அதைக் காப்பவன் மூத்த சகோதரன். வட மொசாம்பிக்கின் மக்குவா முஸ்லிம்களிடமும் அப்படியே. குலத்தலைவனோடு சேர்ந்து குலத்தின் மூத்த பெண்ணுக்கும் பட்டமும் அதிகாரமும் உண்டு. மலாவியில் மாப்பிள்ளை மனைவியின் ஊருக்குப் போய் வாழும் முறைக்கு 'சிக்கம்வினி' என்பார்கள். எங்களிடம் அதற்குத் தனிப்பெயரே இல்லை. வேறு முறை இருந்தால்தானே பெயர் தேவை.

இவர்களிடம் காலம் நிற்கவில்லை. மார்க்கம் தந்தைவழிப் பங்கைச் சொல்கிறது என்று வாதிட்ட அறிஞர்களும், காலனித்துவ அரசும், சுதந்திரத்துக்குப் பின் வந்த மொசாம்பிக்கின் சோசலிச அரசும் ஒவ்வொரு பக்கத்திலிருந்தும் தாய்வழியைத் தள்ளினார்கள். அது வளைந்தது, சில இடங்களில் முறிந்தது, பல இடங்களில் நிற்கிறது. மலாவி 2016இல் வழக்காற்றுக் காணிகளைப் பதிவதற்கு ஒரு சட்டம் இயற்றியபோது, தாய்வழிக் குலங்கள் வாழும் தென்பகுதியில் எழுந்த கேள்வி எங்கள் கேள்விதான்: படிவத்தில் யாருடைய பெயர்?

ஒலுவிலில் எங்கள் பல்கலைக்கழகம் இருக்கிறது. போரினால் வந்தாறுமூலைப் பல்கலைக்கழகத்துக்குப் போக முடியாமல் நின்ற மாணவர்களுக்காக, அமைச்சர் எம்.எச்.எம். அஷ்ரஃபின் முயற்சியால் 1995இல் கல்லூரியாகத் தொடங்கி அடுத்த ஆண்டு தென்கிழக்குப் பல்கலைக்கழகமானது. ஊரில் யாரிடமாவது நான் இன்றைய ஆபிரிக்கச் சமூகங்களை அங்கே ஒரு பாடமாகப் படிப்பிக்கவேண்டும் என்று சொன்னால், "அங்க போய் என்ன வேலை எடுக்கிற?" என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான், மாமா போனதும் வேலைக்குத்தான். ஆனால் அப்படிப்பட்ட பாடத்தை எப்படி வகுக்கக்கூடாது என்பதற்கு ஓர் உதாரணம் வைத்திருக்கிறேன். மும்பாயில் பிறந்து கம்பாலாவில் வளர்ந்த மஹ்மூட் மம்தானி, நிறவெறி ஆட்சி முடிந்தபின் கேப்டவுன் பல்கலைக்கழகத்துக்கு ஆபிரிக்கக் கற்கைப் பேராசிரியராகப் போனார். பீடத்துக்குப் புதிதாக வரும் மாணவர்களுக்கான ஆபிரிக்காப் பாடமொன்றை அவர் வகுத்தார். பீடம் அதை ஏற்கவில்லை. 1998இல் அது பெரிய விவாதமாயிற்று. அவர்கள் பதிலுக்கு வைத்த பாடத்தில் அவர் கண்ட குறைகள் இரண்டு எனக்கு மறக்காது. ஆபிரிக்காவைச் சகாராவோடு வெட்டியிருந்தார்கள். ஆபிரிக்க அறிஞர்களின் எழுத்தை வெளியே விட்டிருந்தார்கள். நாங்கள் செய்ததும் அதுவே. அல்-அஸ்ஹரில் ஓதியவரை அரபு நாட்டுக்காரர் என்றோம். கானோவின் மாலத்தை யாரும் எதுவும் கேட்கவில்லை. ஃபுலானி அறிஞர் உஸ்மான் தன் ஃபோடியோவின் மகள் நானா அஸ்மாவு (1793–1864) அறபு எழுத்தில் ஹவுசாவிலும் ஃபுலானி மொழியிலும் பாட்டு எழுதி, பெண்களுக்கு ஓதிக்கொடுக்கப் பெண் ஆசிரியர்களைப் பயிற்றி ஊரூராக அனுப்பியவர். மாலைகளைப் படித்த எங்கள் மூத்தம்மாமார்களுக்கு அவர் எவ்வளவு நெருக்கம்! எங்கள் மத்ரசாக்களில் அவருடைய பெயரை நான் கேட்டதில்லை.

ஏப்ரல் 2023இல் கார்த்தூமில் போர் தொடங்கியபோது அங்கிருந்த இலங்கையரையும் வெளியே எடுக்கவேண்டியதாயிற்று. அந்த நாட்களில் எங்கள் தெருவில் முதன்முதலாக எல்லோரும் சூடானைப் பற்றிப் பேசினார்கள். துணைப்படை என்றால் என்ன, தங்கச் சுரங்கம் யாரிடம், டார்ஃபூர் எங்கே என்று கேட்டார்கள். சரியான கேள்விகள். இரண்டு கிழமை நீடித்தன.

சின்னம்மாவின் பேத்தி இப்போது ஒலுவிலில் சமூகவியல் படிக்கிறாள். போன மாதம் ஆய்வுக்குத் தலைப்பு வேண்டும் என்று வந்தாள். மாமாவின் கடிதக் கட்டை இறக்கிக் கொடுத்தேன். நீலக் காகிதங்கள் மடிப்பில் கிழிகின்றன. இரவு முழுக்க வாசித்தாள். விடிய சுபஹுக்குப் பிறகு வந்து, ஒரு கடிதத்தின் ஓரத்தைக் காட்டினாள்.

"பெரியம்மா, வோஃபா எண்டு எழுதியிருக்கு. இது என்ன பாஷை?"

சொன்னேன். கொப்பியில் எழுதிக்கொண்டாள். பிறகு மூத்தம்மாவின் குர்ஆனை உறையிலிருந்து எடுத்து, அந்த இருபது நைராத் தாளை அவளுக்குக் காட்டினேன். அவள் வெளிச்சத்துக்கு நேரே பிடித்து, விரலை வைத்து, எழுத்தெழுத்தாகக் கூட்டினாள்.